இஞ்சிப்புல்லை எந்த நாளில் வெட்டுவது: அறுவடைப் பருவமும் தைல அளவும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்திற்குப் பக்கத்தில், இரண்டு வயது ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே 60 சென்ட் நிலத்தில் இஞ்சிப்புல், அதாவது எலுமிச்சைப்புல், நட்டிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மார்ச் முதல் வாரத்தில் நடந்த முதல் வெட்டில் 700 கிலோ புல் கிடைத்து, அதிலிருந்து 3.1 லிட்டர் தைலம் இறங்கியது. பிறகு ஆள் கிடைக்காமலும் மழை விடாமலும் நாள் தள்ளிப்போய், ஜூலை நடுவில் இரண்டாம் வெட்டு வெட்டியபோது 1,200 கிலோ புல் வந்தும் தைலம் 2.6 லிட்டரோடு நின்றுவிட்டது. வடித்துக் கொடுத்தவர் புல் முற்றிவிட்டது என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் மழைக்காலப் புல்லில் சத்து இருக்காது என்கிறார். வீட்டுப் பெரியவர் தேய்பிறையில் வெட்டியிருக்க வேண்டும் என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி, வேலியோரம் நிற்கும் துளசிக்கும் இதே கணக்குதானா என்பது அவருடைய கேள்வி. அடுத்த வெட்டை எப்போது வைத்தால் ஓர் ஆண்டில் மொத்தமாகக் கூடுதல் தைலம் கிடைக்கும் என்பதையே அவர் அறிய விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். வேளாண்மைப் படிப்பில் மணப்பயிர்களைத் தனியாக எடுத்துப் படித்தவன் நான். அதன் பிறகு 20 ஆண்டுகளுக்கு மேலாக இந்த மாவட்டத்துத் தோட்டங்களிலும் வடிப்புக் கொட்டகைகளிலும் வேலை செய்திருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடித்தவர் சொன்னது பெரும்பாலும் சரி, பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னது பாதி சரி, பிறைக்கணக்கை இதில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு, இரண்டாம் வெட்டில் குறைந்த அரை லிட்டர் அல்ல. மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் ஏறக்குறைய 130 நாள்கள் இருந்தன. இந்தப் பயிரில் அவ்வளவு நாளில் இரண்டு முறை வெட்டலாம். ஒரு வெட்டு முழுவதுமாகக் கைநழுவியதுதான் உங்கள் உண்மையான நட்டம்.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, தைலம் இலையில் எங்கே, எப்போது உண்டாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இஞ்சிப்புல்லில் தைலம் இலையின் உட்சதையில் உள்ள தனி அணுக்களில் சேர்கிறது. இலை குருத்திலிருந்து வெளிவந்து வேகமாக நீண்டு விரியும் நாள்களில்தான் அந்த உற்பத்தி மும்முரமாக நடக்கிறது. இலை முழு நீளத்தை எட்டியதும் உற்பத்தி தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு இலை தடித்து, நார் ஏறி, எடைதான் கூடுமே தவிர அந்த அளவுக்குத் தைலம் கூடாது. இன்னும் நாள் போனால், தூரின் அடியிலுள்ள இலைகள் நுனியிலிருந்து பழுத்துக் காய்ந்துவிடும். காய்ந்த இலை தராசில் எடை காட்டும், கொப்பரையில் இடம் அடைக்கும், தைலமோ பெயரளவுக்குத்தான் தரும். 130 நாள் நின்ற ஒரு தூரைப் பிரித்துப் பார்த்திருந்தால், மேலே நாலைந்து நல்ல இலைகளும் நடுவில் முரட்டு இலைகளும் அடியில் ஒரு கைப்பிடி சருகுமாக இருந்திருக்கும். சேர்த்து வெட்டி, சேர்த்து நிறுத்து, சேர்த்து வடித்ததன் விளைவுதான் உங்கள் 2.6 லிட்டர்.

அப்படியானால் இளம் புல்லாக, 35 அல்லது 40 நாளில் வெட்டிவிடலாமே என்று தோன்றும். அதற்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, தைலத்தின் அளவும் தைலத்தின் குணமும் ஒரே நாளில் உச்சத்துக்கு வருவதில்லை. இஞ்சிப்புல் தைலத்துக்கு விலை பேசுவது அதிலுள்ள சிட்ரால் என்ற எலுமிச்சை மணப்பொருளை வைத்துத்தான். நல்ல தைலத்தில் அது 75 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். மிக இளைய இலையில் அதன் பங்கு குறைவாக இருந்து, இலை வளரவளரக் கூடுகிறது. செடியின் வயதோடு சரக்கின் சேர்மானம் மாறுவது இந்தப் புல்லுக்கு மட்டும் உரியதல்ல. உத்தரப் பிரதேசத்தில் பெருமளவு பயிராகும் மென்தால் புதினாவில், இளம் இலையில் மென்தோனாக இருக்கும் பொருள்தான் இலை முதிரும்போது மென்தாலாக மாறுகிறது. இரண்டாவது தடை, தூரின் பலம். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் புல் தன் அடித்தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்ததைச் செலவழித்துத்தான் புதுக் குருத்து விடுகிறது. அந்தச் சேமிப்பு திரும்ப நிறைவதற்குள் மறுபடியும் வெட்டினால் தூர் மெலிந்து, நாலைந்து ஆண்டு பலன் தர வேண்டிய பயிர் இரண்டாம் ஆண்டிலேயே இடைவெளி விழுந்து போகும்.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, நட்டதிலிருந்து முதல் வெட்டு சுமார் 90 நாளிலும், அதன் பின் 50 முதல் 60 நாளுக்கு ஒருமுறையும் என்று நிலைபெற்றிருக்கிறது பரிந்துரை. இந்தப் புல்லுக்கென்றே எர்ணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பரவலாக நடப்படும் ஓடி 19 என்ற சுகந்தி ரகம் அங்கிருந்து வந்ததுதான். நீங்கள் நட்டிருப்பதும் அதுவாக இருக்கலாம். ஏலத்துக்கும் மிளகுக்கும் போலவே இந்தத் தைலத்துக்கும் பழைய திருவிதாங்கூர் மண்ணோடு நீண்ட உறவு உண்டு. கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் உலகச் சந்தையில் இதற்குக் கொச்சி எண்ணெய் என்றே பெயர்.

இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும்போது புல்லின் எடையை மட்டும் பார்ப்பது போலவே, தைல விழுக்காட்டை மட்டும் பார்ப்பதும் தவறு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் நிலத்தில் அளந்தவை அல்ல. ஓர் ஏக்கரில் 60 நாளில் 2,000 கிலோ புல்லும் அதில் 0.45 விழுக்காடு தைலமும் இருந்தால் 9 கிலோ தைலம். அதே புல்லை 90 நாள் விட்டு வைத்தால் எடை 2,700 கிலோவாகி, விழுக்காடு 0.33 ஆக இறங்கினால் கிடைப்பது 8.9 கிலோ. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் வழியில் நிலம் நாளொன்றுக்கு 150 கிராம் தைலம் தந்திருக்கிறது, இரண்டாம் வழியில் 99 கிராம்தான். மேலும் இரண்டாம் வழியில் 700 கிலோ புல்லை அதிகமாக வெட்டி, சுமந்து, விறகு எரித்து வடித்திருக்கிறீர்கள். வெட்டுக்கூலியும் விறகும்தான் இந்தத் தொழிலின் பெரிய செலவுகள் என்பதால், ஒவ்வொரு வெட்டையும் ஏக்கருக்கு, நாளுக்கு எத்தனை கிராம் என்று வகுத்து எழுதி வைக்கும் பழக்கத்தை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். தைலத்தை லிட்டரில் அளந்தால் கிலோவாக மாற்றிக்கொள்ளுங்கள். இஞ்சிப்புல் தைலம் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் ஏறக்குறைய 890 கிராம்தான் இருக்கும்.

இனி மழையைப் பற்றி. உங்கள் முதல் வெட்டில் 100 கிலோ புல்லுக்கு சுமார் 440 மில்லி தைலமும், இரண்டாம் வெட்டில் சுமார் 217 மில்லியும் கிடைத்திருக்கின்றன. இந்த வீழ்ச்சி முழுவதும் புல்லுக்குள் நடந்ததல்ல, ஒரு பகுதி தராசில் நடந்தது. மார்ச் வெயிலில் வெட்டிய புல்லும், ஜூலை மழையில் இலைமடிப்பில் தண்ணீர் தேங்கி நிற்கும் புல்லும் ஒரே எடைக்கல்லால் நிறுக்கப்பட்டவை. அந்த 1,200 கிலோவில் கால் பங்கு கூடுதல் ஈரம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், புல் 900 கிலோ. அப்போது 100 கிலோவுக்கு 289 மில்லி ஆகிறது. மீதமுள்ள குறைவுக்குத்தான் முற்றியதும் மற்றதும் காரணம். மழைக்காலத்தில் இலை வேகமாக வளர்வதால், ஈரம் போக நின்ற எடையிலும் தைல விழுக்காடு சற்றுக் குறையத்தான் செய்யும்; ஆனால் புல் அதிகமாக வளர்வதால் மொத்தத் தைலம் குறைய வேண்டியதில்லை. ஆகவே மழைப்புல்லில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், விளவங்கோடு, கல்குளம் பக்கத்து விவசாயி மழைக்கால வெட்டை விட்டுவிட்டால் ஆண்டில் பாதியை விட்டதாகும். மழை இடைவெளி பார்த்து, இரண்டு நாளாவது வெயில் அடித்த பின் வெட்டுவதே வழி.

அறுவடை நாளைத் தேதி சொல்வதில்லை, செடிதான் சொல்கிறது என்பதற்கு நம் மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மாறாமலைப் பக்கத்துக் கிராம்புத் தோட்டங்களில் பறிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பின் பெருமை அதன் எண்ணெயில்தான் இருக்கிறது, அந்த எண்ணெயைக் காப்பது பறிப்பவரின் கண். மொட்டு பச்சை நிறம் மாறி இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கும்போது, இதழ் விரிவதற்கு முன் கொத்தைப் பறிக்க வேண்டும். முந்திப் பறித்தால் காய்ந்த பின் சுருங்கிச் சிறுத்துப் போகும். பூ விரிந்துவிட்டால் எண்ணெயும் விலையும் இறங்கும். ஒரே மரத்தில் எல்லாக் கொத்தும் ஒரே நாளில் பருவத்துக்கு வராததால், அதே மரத்துக்கு மறுபடி மறுபடி ஏணி சாத்துகிறார்கள். இஞ்சிப்புல்லுக்கும் அப்படிப்பட்ட அடையாளம் உண்டு. 50ஆம் நாளிலிருந்து தோட்டத்தில் நடந்து, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தூரை விலக்கிப் பாருங்கள். ஒரு முளைக்கு நாலைந்து இலை நன்றாக விரிந்திருக்க வேண்டும். அடி இலையின் நுனி பழுப்பேறத் தொடங்கியிருக்கலாம், ஆனால் அந்தப் பழுப்பு ஒரு விரல் நீளத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது இலையைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கினால், பச்சைப் புல்வாடை பின்வாங்கி எலுமிச்சை மணம் முன்வர வேண்டும். கதிர்த்தண்டு தலைகாட்டுகிறது என்றால் நாளை எண்ணாமல் வெட்டிவிடுங்கள்; கதிரிலும் தண்டிலும் எடைக்கு ஏற்ற தைலம் கிடையாது. தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு, கூரான பன்னரிவாளால் வெட்ட வேண்டும். மொட்டை அரிவாளால் இழுத்தால் தூர் அசைந்து வேர் அறும்.

வெட்டிய புல்லை ஒரு நாள் நிழலில் மெல்லிய பரப்பாக விரித்து வாட விடுவது நல்லது. ஈரம் குறைவதால் கொப்பரையில் அதிகப் புல் கொள்ளும், விறகு மிச்சமாகும். தைலம் உட்சதையில் இருப்பதால் இந்த ஒரு நாளில் பெரிதாக வீணாவதில்லை. வெயிலில் போடுவதும் குவித்து வைப்பதும் வேறு கதை. பல ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் நனைந்த துளசியை மறுநாள் வடிக்கலாம் என்று கொட்டகையில் இடுப்பளவு குவித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் குவியலுக்குள் கையை விட்டபோது சோற்றுப் பானைக்குள் விட்டது போல் சுட்டது. நடு இலைகள் கறுத்துக் கொழகொழவென்று ஆகியிருந்தன. அன்று இறங்கிய எண்ணெய் வழக்கத்தில் பாதிகூட இல்லை, இருந்ததிலும் புளித்த வாடை. வாட வைத்தாலும் வைக்காவிட்டாலும், நிறுப்பது எப்போதும் ஒரே நிலையில் இருக்கட்டும். ஒரு முறை வாடிய புல்லையும் மறுமுறை ஈரப் புல்லையும் நிறுத்து விழுக்காட்டை ஒப்பிட்டால், இல்லாத ஏற்ற இறக்கமெல்லாம் கணக்கில் தெரியும்.

ஒரு நாளில் எந்த நேரம் வெட்டுவது என்பதில் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. பயிருக்குப் பயிர் ஆய்வு முடிவுகள் வேறுபடுகின்றன. ஒரே பயிரில்கூட ஓரிடத்தில் காலையும் மற்றோரிடத்தில் நண்பகலும் சிறந்ததாக வந்திருக்கின்றன. பனியும் மழைநீரும் உலர்ந்த பின், வெயில் உக்கிரமாவதற்கு முன், அதாவது ஏறக்குறைய 8 மணியிலிருந்து 11 மணிக்குள் வெட்டுவது என் வழக்கம். தைலத்தை இலைக்குள்ளே வைத்திருக்கும் இஞ்சிப்புல்லுக்கு இதில் தவறினாலும் பெரிய நட்டமில்லை. வளர்பிறை, தேய்பிறையைப் பொறுத்தவரை, தைல அளவு பிறையோடு ஏறி இறங்குவதாக நம்பத்தக்க சான்று எதையும் நான் கண்டதில்லை, என் ஏடுகளிலும் அப்படி ஓர் ஒழுங்கு தெரியவில்லை. பெரியவர் சொல்லும் நாள் உங்கள் 55ஆம் நாளுக்கும் 65ஆம் நாளுக்கும் இடையில் வந்தால் அவர் சொற்படியே வெட்டுங்கள், ஒன்றும் குறையாது. அதற்காக மூன்று வாரம் தள்ளிப் போடுவதுதான் கூடாது.

உங்கள் குறைவில் வடிப்புக்கும் பங்கிருக்கலாம். கொட்டகையைப் பார்க்காமல் அதை நான் தீர்மானிக்க முடியாது. அடுத்த முறை நீங்களே போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். கொப்பரையில் புல்லை இறுக மிதிக்காமல் ஒரு பக்கம் தளர்வாகப் போட்டிருந்தால், நீராவி எளிதான வழியிலேயே ஏறி, மற்ற பக்கத்துப் புல்லைத் தொடாமல் போய்விடும். குளிர்ந்து வரும் நீர் விழும் இடத்தில் விரலை வையுங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் சுட்டால், சுருள்குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் போதவில்லை, தைலம் ஆவியாகக் கொட்டகையில் கலந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஈரப் புல்லை வடிக்கும்போது நீராவியின் சூடு அந்த ஈரத்துக்கே செலவாவதால், வழக்கமான நேரத்தில் அடுப்பை அணைத்தால் கடைசித் தைலம் புல்லிலேயே தங்கிவிடும். ஜூலையில் உங்களுக்கு இதுவும் நடந்திருக்கக்கூடும்.

துளசிக்குக் கணக்கு வேறு. அதன் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலும் பூங்கொத்திலும் உள்ள நுண்ணிய சுரப்பி முடிகளில் இருக்கிறது. கை பட்டாலே மணப்பது அதனால்தான். பலத்த மழைக்கும் காற்றுக்கும், கசங்கலுக்கும் எண்ணெயை எளிதில் இழப்பதும் அதனால்தான். இஞ்சிப்புல்லைக் கதிர் வருமுன் வெட்டச் சொன்னேன். எண்ணெய்க்கான துளசியையோ நன்றாகப் பூத்திருக்கும்போது வெட்ட வேண்டும். நட்டு சுமார் 90 நாளில் முதல் வெட்டு, பிறகு 65 முதல் 75 நாளுக்கு ஒருமுறை. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, முந்தின நாளும் மழை இல்லாத வெயில் நாளாகப் பார்த்து வெட்டுங்கள். விதை பிடித்துக் கதிர் பழுத்துவிட்டால் எண்ணெய் இறங்கிவிடும். தோவாளைப் பூச்சந்தைக்கு மாலை கட்டும் துளசியாக அனுப்புவதென்றால் இந்த விதிகள் எதுவும் பொருந்தாது. அங்கே கேட்பது வாடாத பசுமையும் குறுங்கதிரும்தான், ஆகவே குளிர்ந்த வேளையில், பூ முற்றுமுன் கிள்ளுகிறார்கள். இரண்டு சந்தைக்கும் ஒரே செடியை வைத்துக்கொள்ள நினைத்தால் இரண்டிலும் அரைகுறையாகத்தான் முடியும்; வேலியோரத்துத் துளசி சிறு அளவுதான் என்பதால், அதைப் பூக்கடைக்கே விட்டுவிடுவது உங்களுக்கு ஆதாயம் என்பது என் கருத்து.

ஜூலை நடுவில் வெட்டிய புல் செப்டம்பர் நடுவில் 60 நாளைத் தொடும். தென்மேற்குப் பருவமழை தளர்ந்து, வடகிழக்கு மழை தொடங்காத அந்த இடைவெளி உங்களுக்கு நல்ல வாய்ப்பு, அதைத் தவற விடாதீர்கள். ஆளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அடுத்தது நவம்பர் நடுவில் மழைக்குள் விழும். அதை ஒரு வாரம் முன்னோ பின்னோ நகர்த்தி வெயில் இடைவெளி பாருங்கள், அதற்குள் கதிர் தலைகாட்டினால் காத்திருக்க வேண்டாம். பிறகு ஜனவரி, மார்ச், மே என்று போகும். கோடையில் நீர் பாய்ச்ச வசதி இல்லையென்றால் புல் மெதுவாக வளரும், அப்போது 70, 75 நாள் ஆனாலும் கவலை இல்லை. சில இடங்களில் கோடைமுடிவில் தூர்களுக்குத் தீ வைத்துப் புதுக் குருத்து எடுப்பதுண்டு. ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். அந்தக் கன்றுகள் இன்னும் ஓரிரு ஆண்டில் கிளை கூடி நிழல் விழுந்தால், எவ்வளவு சரியான நாளில் வெட்டினாலும் புல்லும் தைலமும் குறையும் என்பதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மண்ணுக்கும் நிழலுக்கும் சரியான நாள் 52 ஆகவும் இருக்கலாம், 66 ஆகவும் இருக்கலாம். தொலைவிலிருந்து அதை நான் சொல்ல இயலாது. செப்டம்பரில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒரே மாதிரி வெயில் விழும் ஆறு வரிசைகளைக் குறித்து, இரண்டிரண்டாக 50, 60, 70ஆம் நாளில் வெட்டித் தனித்தனியாக நிறுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கலந்து எடுத்த ஒரு கிலோ இலையை, ஆய்வுக்கூடத்தில் கிளெவெஞ்சர் கண்ணாடிக் கருவியில் வடித்துத் தரக் கேட்கலாம். 100 கிராம் இலைக்கு எத்தனை மில்லி என்று நேரடியாகச் சொல்லிவிடுவார்கள், கொப்பரையின் குறை அதில் கலக்காது. சிட்ரால் எவ்வளவு என்பது மூக்குக்குத் தெரியாது, தைலத்தின் கூறுகளைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகைச் சோதனைக்குத்தான் தெரியும். ஆகவே மூன்று நாள் தைலத்திலும் கொஞ்சம் எடுத்து, ஈரமில்லாத பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, வெட்டிய தேதியை ஒட்டி, அந்தச் சோதனைக்குக் கொடுங்கள்.